வேர்த்த லென்ஸும் ஹெர்பர்ட் பாண்டிங்கும்

நண்பர்களே, போன வருஷம் நம்ம ஒர்க்‌ஷாப் சார் ஒருவருக்கு தி.நகர் ஏ.சி. மண்டபத்தில் பிரிவு உபசார விழா நடத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் வாசலில் குரூப் போட்டோ. காமிராவோடு நான்தான் ஓடினேன். வெளியே வந்ததும் லென்ஸ் வேர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. அதற்குள் சார் ஆட்டோ ஏறிவிட்டார். எடுத்த நாலு படத்திலும் வெறும் புகை! மனசு கேட்காமல் காரணம் தேடிப் படித்தபோது அறிமுகமானவர்தான் ஹெர்பர்ட் பாண்டிங்.

1870-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பிறந்தவர். கலிபோர்னியாவில் பழத்தோட்டம் போட்டு, அது தேறாமல் காமிராவைக் கையில் எடுத்தார். ஜப்பான், நம் இந்தியா என்று சுற்றிப் படமெடுத்தார். 1910-ல் கேப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் சேர்ந்தபோது வயது 40.

அங்கே வெளியே ரத்தம் உறையும் குளிர். மரக் குடிசைக்குள் அடுப்புச் சூடு, சமையல் ஆவி, 25 பேரின் மூச்சு. குளிர்ந்த காமிராவை உள்ளே கொண்டுவந்தால் போச்சு! மேலெல்லாம் நீர் கோத்துவிடும். திரும்ப வெளியே போனால் அதுவே பனிக்கட்டி. ஆகவே காமிராக்களைக் குளிரிலேயே விட்டுவைத்தார் பாண்டிங். ஒருமுறை அவர் நாக்கு காமிராவின் உலோகத்தில் ஒட்டி, தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. அப்படியும் விடவில்லை.

ஸ்காட்டுக்கும் பௌவர்ஸுக்கும் போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தார். 1912 ஜனவரியில் தென்துருவத்தில் பௌவர்ஸ் கயிற்றை இழுத்து எடுத்த படத்தில் ஐந்து பேரும் இருக்கிறார்கள். திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள். நவம்பரில் கூடாரத்தில் கிடைத்த பிலிமைக் கழுவினால், முகங்கள் தெரிந்தன! முன்பே ஊர் திரும்பியிருந்த பாண்டிங், மீதி வாழ்நாளை அந்த நண்பர்களின் கதையைச் சினிமாவாகக் காட்டுவதிலேயே செலவிட்டார். 1933-ல் பேசும் படமாகவும் வெளியிட்டார். பெரிதாகக் காசு பார்க்காமல் 1935-ல் லண்டனில் காலமானார்.

நமக்கு இதே கதைதான், இடம் மட்டும் தலைகீழ். ஏ.சி. மண்டபம் நம்ம அண்டார்டிகா. புழுக்கமான தெருதான் அந்தக் குடிசை. பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். பிசிக்ஸில் படித்தோம், பரீட்சையோடு மறந்தோம்! மண்டபத்துக்குள்ளேயே காமிராவை பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் மூடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரம் திறக்காதீர்கள். வேர்த்தால் கவர் வேர்க்கட்டும்.

சாரின் படம் இனி வராது. இந்த வருஷ விழாவில் விடைபெறுகிறவர் முகமாவது தெளிவாக விழ வேண்டும். கவர் என் பையில் தயார்!