முடிவுறாத கச்சேரி

பியானோ என்றாலே எனக்குப் பழைய தமிழ்ப் படங்கள்தாம் நினைவுக்கு வரும். மாளிகைக் கூடத்தில் கதாநாயகன் அதன்முன் அமர்ந்து சோகப் பாட்டுப் பாடுவான். அதே வாத்தியத்தின் முன் அமர்ந்து மரணத்தையே சிறிது நேரம் காத்திருக்கச் செய்த ஒரு கலைஞரை அண்மையில்தான் அறிந்தேன். அவர் பெயர் தினு லிப்பாட்டி.

1917 ஏப்ரல் 1இல் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை வயலின் கலைஞர். தாய் பியானோ வாசிப்பவர். அந்நாட்டின் இசைமேதை ஜார்ஜ் எனெஸ்கு அவருக்கு ஞானத்தந்தை. இசை அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது என்றால் மிகையாகாது.

1933இல் வியன்னாவில் நடந்த அனைத்துலகப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. முதற்பரிசு அவருக்கே உரியதெனக் கருதிய பிரெஞ்சுக் கலைஞர் ஆல்ஃபிரட் கோர்த்தோ, நடுவர் குழுவிலிருந்தே விலகிவிட்டார். பின்னர் லிப்பாட்டி பாரிஸ் சென்று அவரிடமே மாணவரானார்.

உலகப்போர் நடுவே, 1943இல், தாயகத்தை விட்டு ஜெனீவாவை அடைந்தார். அங்குள்ள இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். புகழ் வளர்ந்த அந்த வேளையில்தான் நோயும் வளர்ந்தது. நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய் அது. இன்று பெரும்பாலோர்க்குக் குணமாகும் அந்நோய்க்கு அன்று வழியில்லை. 1950 கோடையில், அப்போது புதிதாக வந்திருந்த கார்டிசோன் மருந்து சில வாரங்கள் தெம்பளித்தது. அந்த இடைவெளியை ஓய்வில் கழிக்காமல் ஜூலையில் பாக், மோசார்ட், ஷோப்பான் ஆகியோரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்தார்.

செப்டம்பர் 16. பிரான்சின் பெஸான்சோன் நகர் இசைவிழா. மருத்துவர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் பிடிவாதம். ஊசி மருந்தின் துணையோடு மேடையேறினார். பாக்கின் முதல் பார்ட்டிட்டா, மோசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, ஷூபர்ட்டின் இரு சிறு படைப்புகள் என ஒவ்வொன்றாக வாசித்தார். இறுதியாக ஷோப்பானின் பதினான்கு வால்ட்ஸ்கள். பதின்மூன்று முடிந்தன. பதினான்காவதை வாசிக்க விரல்களில் வலுவில்லை. சற்று நின்றார். பிறகு வால்ட்ஸுக்குப் பதிலாக, தாம் நெஞ்சாரப் போற்றிய பாக்கின் பக்தி இசை ஒன்றை வாசித்து நிறைவு செய்தார். அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். வயது முப்பத்து மூன்றுதான்.

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவை நண்பர் ஒருவர் எனக்குக் கேட்கத் தந்தார். மேலைநாட்டு இசையின் இலக்கணம் எனக்குத் தெரியாது. ஆனால் அதில் வலியின் முனகல் ஏதும் இல்லை. தெளிந்த நீரோடைபோல் இசை ஓடுகிறது. விரல்விட்டு எண்ணினேன். வால்ட்ஸ்கள் பதின்மூன்றுதான்.

சென்ற ஆண்டு பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இலேசான காய்ச்சலைக் காரணம் காட்டி விடுதியிலேயே படுத்திருந்தவன் நான். முழுமையாகச் செய்ய முடியாவிட்டால் செய்யாமலே இருந்துவிடலாம் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிப்பாட்டியும் அப்படி நினைத்திருந்தால் அந்தப் பதின்மூன்றும் நமக்குக் கிடைத்திருக்குமா? இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். நண்பர்களே, காய்ச்சல் வந்தாலும் என்னை மேடையில் காண்பீர்கள்.