தனக்குக் கிடைக்காத நாற்காலியைப் பிறருக்குப் போட்டவர்
சர் அசுதோஷ் முகர்ஜி (1864 – 1924)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, கட்டடத் துறையில் உன் அனுபவத்தை எழுதிக் கொடுப்பா என்றுதான் சீனியர் கேட்டார். சரிண்ணே என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் மனசு வேறு பக்கம் போய்விட்டது. நான் எழுதியிருப்பது ஒரு வக்கீலைப் பற்றி. என்ஜினீயரிங் கல்லூரி மலரில் வக்கீலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

வேலை விஷயமாகக் கல்கத்தாவில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே எங்கே திரும்பினாலும் ஒரு பெயர் கண்ணில் படும். பவானிபூரில் அவர் பெயரில் ரோடு. காலேஜ் தெருவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அவர் பெயரில் கட்டடம். படங்களில் பார்த்தால் தடித்த மீசையும் கனத்த உடம்புமாக ஒரு மனிதர். 'வங்கத்துப் புலி' என்பது ஊர் அவருக்கு வைத்த பட்டம். யார் இவர் என்று விசாரித்துப் படிக்கப் போய், நம்ம திருச்சிக்காரர் சர் சி.வி. ராமனிடம் வந்து நின்றேன்.

கணக்குப் புலி வக்கீலான கதை

அசுதோஷ் 1864 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா கங்காபிரசாத் டாக்டர். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். யூக்ளிடின் ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் ஒன்றை எழுதி அனுப்ப, இங்கிலாந்துக் கணித இதழில் அது 1881-ல் அச்சாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது பதினாறோ பதினேழோதான். பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1885-ல் கணிதத்தில் எம்.ஏ., மறு வருஷமே விஞ்ஞானத்தில் இன்னொரு எம்.ஏ., அதே 1886-ல் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை. வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதினார். நம்மில் பலரை இரண்டாவது செமஸ்டரில் அரியர் வைக்கச் செய்த அதே பாடம்தான்!

இப்படிப்பட்டவர் கணிதப் பேராசிரியர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வழி இல்லை. அரசாங்கக் கல்வித் துறையில் வேலை கிடைக்க இருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு நிலை, இந்தியருக்கு ஒரு படி கீழே என்பது அன்றைய ஏற்பாடு. அதற்கு அவர் இசையவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜி, இவருக்காகவே கணித ஆராய்ச்சிக்கு ஒரு பதவி உண்டாக்க நிதி திரட்டிப் பார்த்தார். பணம் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம். திறமையில் குறை இல்லை, ஆர்வத்தில் குறை இல்லை, ஒரு நாற்காலி போடப் பணம் இல்லை.

ராஷ்பிஹாரி கோஷ் என்ற பெரிய வக்கீலிடம் தொழில் கற்று, 1888-ல் ஹைகோர்ட் வக்கீலானார். 1894-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். 1898-ல் தாகூர் சட்டப் பேராசிரியர். பிரசன்ன குமார் தாகூர் எழுதி வைத்த அறக்கட்டளையில் உண்டான பதவி இது. 1904-ல் ஹைகோர்ட் நீதிபதி. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த ஆசனத்தில் இருந்தார். 1920-ல் சில காலம் தலைமை நீதிபதி பொறுப்பையும் பார்த்தார்.

செத்தவர் கை எவ்வளவு நீளும்?

தாகூர் பேராசிரியராக அவர் எடுத்துக்கொண்ட பொருள் சுவாரசியமானது. ஒருத்தர் தன் சொத்தைப் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று யாரும் தொட முடியாதபடி உயிலில் எத்தனை காலத்துக்குக் கட்டிப்போடலாம்? சட்டம் இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. இன்று உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்கப்புறம் ஒரு மைனர் மேஜராகும் காலம், அவ்வளவுதான். செத்தவர் கை அதற்கு மேல் நீளக் கூடாது. ஆனால் ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு. பொதுநன்மைக்கான தர்மம் என்றால் அந்த எல்லை கிடையாது. படிப்புக்கென்று எழுதி வைத்த பணம் என்றைக்கும் நிற்கலாம்.

இந்தச் சட்டத்தை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர், பிற்பாடு அதைச் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிக் காட்டினார் என்பது என் எண்ணம்.

பரீட்சை நடத்தும் ஆபீஸ் பல்கலைக்கழகமாகிறது

1906-ல் அவர் துணைவேந்தரானார். சம்பளமில்லாத கௌரவப் பதவி. பகலில் கோர்ட்டு, மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம். 1914 வரை தொடர்ந்து நான்கு முறை, பிறகு 1921 முதல் 1923 வரை இன்னொரு முறை.

1857-ல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம் அதுவரை பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஆபீஸ்தான். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. 1904-ல் கர்சன் பிரபு பல்கலைக்கழகச் சட்டம் கொண்டு வந்தார். சர்க்காரின் பிடியை இறுக்கவே இந்தச் சட்டம் என்று தேசத் தலைவர்கள் எதிர்த்தார்கள். அது நியாயமான பயம்தான். ஆனால் அதே சட்டத்தில், பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்றும் ஒரு இடம் இருந்தது. சட்டம் படித்தவர் அல்லவா! எல்லோரும் பூட்டைப் பார்த்த இடத்தில் இவர் சாவியைப் பார்த்தார். 1909-ல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியைத் தொடங்கினார். பிறகு எம்.ஏ., எம்.எஸ்ஸி. பாடங்களைப் பல்கலைக்கழகமே நடத்த ஏற்பாடு செய்தார். வங்காளம் முதலிய இந்திய மொழிகளை எம்.ஏ. வரை படிக்கலாம் என்ற நிலையையும் 1919-ல் உண்டாக்கினார். நம் நாட்டு மொழியில் உயர்ந்த பட்டமா என்று பலர் சிரித்த காலம் அது.

விஞ்ஞானத்துக்குப் பணம்? சர்க்கார் பெரிதாகக் கொடுக்கவில்லை. கொடுத்தது இரண்டு வக்கீல்கள். 1912-ல் தாரக்நாத் பாலித் ஏறக்குறைய 15 லட்சம் மதிப்புள்ள பணமும் சொத்தும் எழுதி வைத்தார். 1913-ல் ராஷ்பிஹாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். ஆமாம், அசுதோஷுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அதே கோஷ்தான். அந்தக் காலத்து லட்சம் என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பேராசிரியர் பதவிகள் இந்தியர்களுக்கே என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. 1914 மார்ச் 27-ல், தன் பதவிக்காலம் முடியும் தறுவாயில், விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் வைத்தார் அசுதோஷ். ராஜாபஜாரில் அந்தக் கட்டடத்தின் வாசலில் நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஆள் பிடித்த விதம்

கட்டடம் யாரும் கட்டுவார்கள். நான் பிழைப்பதே அதில்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அப்போது கல்கத்தாவில் மத்திய சர்க்காரின் நிதித் துறையில் ஒரு இளம் அதிகாரி இருந்தார். நல்ல சம்பளம். ஆபீஸ் விட்டதும் பௌபஜாரில் இருந்த விஞ்ஞானச் சங்கத்துக்குப் போய், ராத்திரி வரை ஒலி, அதிர்வு என்று சோதனை செய்துகொண்டிருப்பார். அவர்தான் ராமன். பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அசுதோஷ் அவரை அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. அதற்காகக் கப்பலேற ராமன் சம்மதிக்கவில்லை. ஆளை மாற்றுவதா, விதியைத் தளர்த்துவதா? அசுதோஷ் விதியைத் தளர்த்தினார். ராமனும் கிடைத்துக்கொண்டிருந்த சம்பளத்தில் பெரும் பகுதியை இழந்து, 1917-ல் பேராசிரியராகச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. இதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த நாற்காலியைப் போட்ட மனிதர் அதைப் பார்க்க இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு கதை. நம் ஜூனியர்கள் இதைக் கவனித்துப் படிக்கணும். எம்.எஸ்ஸி. முடித்த இரண்டு பையன்கள், சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா. இருவருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசு இருக்கும். புதிய இயற்பியலையும் கணிதத்தையும் எம்.எஸ்ஸி. வகுப்பில் நடத்த வேண்டும் என்று நேராகப் புலியிடமே போய்க் கேட்டார்கள். உங்களுக்கு என்னப்பா தெரியும் என்று அவர் விரட்டவில்லை. படித்துத் தயாராகுங்கள் என்று உதவித்தொகை கொடுத்து, பிறகு ஆசிரியர்களாகவே வைத்துக்கொண்டார். புத்தகமோ ஜெர்மன் மொழியில். சிப்பூர் என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியராக இருந்த புரூல் தம்முடைய ஜெர்மன் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். அதில் நமக்கும் ஒரு சின்னப் பெருமை! அந்த இருவரும் ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகமே 1920-ல் வெளியிட்டது. சாஹா சமன்பாடும் போஸ் – ஐன்ஸ்டீன் புள்ளியியலும் பிறகு வந்தவை.

வங்காளிக்கு மட்டும் என்று அவர் பார்க்கவில்லை. காசிப் பக்கத்திலிருந்து கணேஷ் பிரசாத், பம்பாய்ப் பக்கத்திலிருந்து பண்டார்க்கர், மைசூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த திருத்தணி ராதாகிருஷ்ணன் 1921-ல். தகுதி எங்கே இருந்ததோ அங்கே கடிதம் போனது.

பணமும் நிபந்தனையும்

குறையில்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டத்தை மலிவாக்கிவிட்டார், தேர்வில் தாராளம் காட்டினார், வரவுக்கு மீறித் துறைகளைத் திறந்தார், எல்லாம் ஒரே ஆள் ராஜ்யம் என்றெல்லாம் அவர் காலத்திலேயே புகார்கள் இருந்தன. வரவுக்கு மீறியது உண்மைதான். 1922-ல் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே பல்கலைக்கழகம் தடுமாறியது. அந்த நேரத்தில் வங்காள சர்க்கார் இரண்டரை லட்சம் தருகிறேன் என்றது, ஆனால் நிபந்தனைகளோடு. பல்கலைக்கழகம் சர்க்காரின் ஒரு இலாகாவாகிவிடும் என்று சொல்லி, வேண்டாம் என்று செனட்டில் முழங்கினார் அசுதோஷ். மறு வருஷம் கவர்னர் லிட்டன் பிரபு, எங்களோடு ஒத்துப்போவதாக இருந்தால் மீண்டும் துணைவேந்தர் பதவி என்று எழுதினார். அதற்கும் மறுப்புக் கடிதம் போனது. பாலித், கோஷ் வைத்த நிபந்தனையை ஏற்றவர், இதை ஏன் ஏற்கவில்லை? அந்த நிபந்தனை யாருக்கு நாற்காலி என்று சொன்னது. இந்த நிபந்தனை நாற்காலியில் இருப்பவர் வாயை மூடச் சொன்னது. வித்தியாசம் அதுதான்.

வீட்டுக்குள்ளும் அவர் ஒரு சோதனையைச் சந்தித்தார். மகள் கமலா சின்ன வயசிலேயே விதவையானாள். ஊர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1908-ல் மறுமணம் செய்து வைத்தார். அந்தக் கணவரும் போய்ச் சேர, 1923-ல் கமலாவும் இறந்தாள். மகள் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொற்பொழிவு அறக்கட்டளை எழுதி வைத்தார். துக்கம் வந்தபோதும் அவர் கை அங்கேதான் போயிற்று.

நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்று மறுபடி வக்கீலாக பாட்னாவில் ஒரு பெரிய வழக்கை நடத்திக்கொண்டிருந்தபோது, 1924 மே 25-ல் காலமானார். அறுபது வயசுகூட முடியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

இனி சொந்தக் கதை கொஞ்சம். ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒருத்தன். பேர் வேண்டாம். கணக்கில் எங்கள் பேட்சிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி டவுட் கேட்டாலும் திட்டாமல் சொல்லிக் கொடுப்பான். நான் பாஸ் பண்ணியதில் பாதி அவன் புண்ணியம். மேலே படித்து ஆராய்ச்சி செய்ய அவனுக்கு இடம் கிடைத்தது. சேருவதற்கும் முதல் சில மாதங்களை ஓட்டுவதற்கும் வீட்டில் பணம் இல்லை. தங்கை கல்யாணக் கடன் வேறு. கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கை விட்டுவிட்டான். அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்ட தொகை, இன்றைக்கு நாங்கள் நாலு பேர் ஒரு சந்திப்பில் செலவழிக்கும் தொகைதான். யாரிடம் கேட்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை, கேட்டால் கொடுக்க ஒரு ஏற்பாடும் இல்லை.

அசுதோஷுக்கும் இதேதான் நடந்தது. ஆனால் அவர் அதை மறக்கவில்லை. தனக்குக் கிடைக்காத நாற்காலியை, இருபது வருஷம் கழித்து அதிகாரம் கைக்கு வந்ததும், முகம் தெரியாத பையன்களுக்குப் போட்டுக் கொடுத்தார்.

பழைய மாணவர்கள் கூடும்போதெல்லாம் வளைவு கட்டலாமா, அரங்கம் கட்டலாமா என்று பேச்சு வரும். கட்டலாம், எனக்கும் கான்ட்ராக்ட் கிடைக்கும்! ஆனால் அதற்கு முன்னால், வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவனோ மாணவியோ மேலே படிக்கப் போகும்போது முதல் ஆறு மாதச் செலவைத் தாங்குகிற மாதிரி ஒரு நிதியை முறைப்படி டிரஸ்ட் எழுதி வைப்போம். வட்டியில் நடக்கட்டும். படிப்புக்கான தர்மத்துக்குச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது என்பதைத்தான் மேலே பார்த்தோமே. நாம் போன பிறகும் நம்ம கை நீளலாம்.

ஜூனியர்களே, உங்களுக்கும் ஒன்று. போஸும் சாஹாவும் கதவைத் தட்டியதால்தான் அது திறந்தது. சந்திப்பு அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம். கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். என் முதல் மாதப் பங்கை நான் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். என் ரூம்மேட்டும் கொடுத்துவிட்டான். எனக்கு முன்னாலேயே.