விடியற்காலைத் திருப்பலியும் விளையாட்டு மைதானமும்



குருவாக வேண்டும் என்ற ஆசையோடு குருமடம் சென்ற பிள்ளை இடைநடுவில் வீடு திரும்பினால், அதுபற்றி நம் குடும்பங்களில் குரலைத் தாழ்த்தியே பேசுவோம். இறைவனின் அழைத்தல் அத்தோடு முடிந்துவிட்டதென்று நாமாகவே தீர்மானித்தும் விடுகிறோம். 1932ஆம் ஆண்டில், நியூயோர்க் மாநகரின் புரூக்ளினில், அவ்வாறு திரும்பிய ஓர் இளைஞரை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறோம். அவர் பெயர் வின்ஸ் லொம்பார்டி.

1913ஆம் ஆண்டு யூன் 11ஆம் திகதி, இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தை இறைச்சி வியாபாரி. சிறுவயதில் பீடப்பணியாளராக இருந்தவர், 15 வயதில் சிறிய குருமடத்திற் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர் அது தமக்குரிய பாதை அன்று என உணர்ந்து வெளியேறினார். பின்பு யேசு சபைத் துறவியரின் போர்டாம் பல்கலைக்கழகத்திற் கற்று 1937இல் பட்டம் பெற்றார். அங்கே அவர் சிறந்து விளங்கியது அமெரிக்க உதைபந்தாட்டத்தில். நம் பிள்ளைகள் ஆடும் உதைபந்தாட்டம் அன்று இது. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எதிரணியினரை உடலால் மோதித் தடுத்தும் ஆடுகின்ற, றக்பிக்கு நெருங்கிய உறவான விளையாட்டு.

1939இல் நியூ ஜேர்சியிலுள்ள புனித செசீலியா பாடசாலையில் ஆசிரியரானார். இலத்தீனும் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பித்தபடியே மாணவர்களுக்கு விளையாட்டும் பயிற்றினார். எட்டு ஆண்டுகளின் பின் போர்டாமிலும், தொடர்ந்து வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலும், நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியிலும் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 45 வயதாகியும் பெரிய அணி எதற்கும் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவில்லை. தமது இத்தாலியப் பெயரே தடையாக நிற்கிறதென அவர் மனம் வருந்தினார்.

1959இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே என்னும் சிறு நகரத்து அணி அவரை அழைத்தது. முந்திய ஆண்டின் 12 ஆட்டங்களில் ஒன்றில் மாத்திரம் வென்ற அணி அது. அவருடைய முதலாம் ஆண்டிலேயே அந்த அணி ஏழு ஆட்டங்களில் வென்றது. 1960இல் இறுதிப் போட்டிவரை சென்று தோற்றது. பின்னர் 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து முறை தேசிய வாகை சூடியது.

நாள்தோறும் காலையில் அவர் புனித வில்லிப்ரோட் ஆலயத்தில் திருப்பலியிற் பங்குபற்றிய பின்னரே வேலைக்குச் செல்வார். ஆயினும் மைதானத்தில் அவருடைய குரலைக் கேட்டுக் கட்டுமஸ்தான வீரர்களே நடுங்குவர். காலையில் நற்கருணையைப் பெற்ற நாவா இது என நீங்கள் கேட்கலாம். அவருடைய மனைவி மரியும் இரு பிள்ளைகளும் அந்தக் கோபத்தின் சுமையை வீட்டிலும் தாங்கினார்கள். இதனை மறைத்து அவரைப் புனிதராக்கிவிட வேண்டியதில்லை. தம் குணத்தை அவர் நன்கறிந்திருந்தார். அதனாலேயே நாளும் முழந்தாளிட்டார் என எமக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் ஜெரி கிறேமர் என்ற இளம் வீரரைப் பலர் முன்னிலையில் மிகக் கடுமையாக ஏசிவிட்டார். ஆட்டத்தையே கைவிட்டுவிடுவோமா என்ற எண்ணத்தோடு உடைமாற்றும் அறையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தார் கிறேமர். அவ்வழியே வந்த லொம்பார்டி அவர் தோளிலே தட்டி, தலைமுடியைக் கலைத்து, அவர் ஒருநாள் தமது இடத்தில் ஆடுபவர்களுள் தலைசிறந்தவராக வருவார் எனக் கூறிச் சென்றார். அந்த ஒரு வார்த்தை தம் வாழ்வையே மாற்றியதெனக் கிறேமர் முதுமையிலும் சொல்லிவந்தார். 2018இல் அவருடைய பெயர் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது.

நிறவெறி மலிந்திருந்த அக்காலத்தில், தம் வீரர்களுள் கறுப்பினத்தவருக்கு இடமளிக்காத விடுதியிலோ உணவகத்திலோ அணியினர் எவரும் கால்வைக்கக்கூடாதென லொம்பார்டி கட்டளையிட்டார். பெயரின் பொருட்டுத் தாமே ஒதுக்கப்பட்டதாக நம்பியவருக்கு அந்த நோவு தெரியாதா என்ன?

வெற்றி ஒன்றே எல்லாம் என்ற பொருளில் ஒரு கூற்றை உலகம் அவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறது. அதனை முதலிற் கூறியவர் வேறொரு பயிற்றுவிப்பாளர். லொம்பார்டியும் அதனைச் சொன்னதுண்டு. ஆனால் தாம் கருதியது வெற்றிக்கான முழு முயற்சியையே எனப் பிற்காலத்தில் விளக்கி வருந்தினார். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிற் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் புள்ளிகளைப் பார்க்கின்ற பெற்றோராகிய எமக்கும் அந்த வருத்தம் புரியவேண்டும்.

1967 டிசெம்பர் 31ஆம் திகதி டலஸ் அணியுடன் நடந்த இறுதிப் போட்டியின்போது குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 25 பாகை செல்சியஸ். மைதானத்தைச் சூடாக்க அவர் நிலத்தடியிற் பதிப்பித்திருந்த கம்பிகளும் கைகொடுக்கவில்லை. 16 விநாடிகள் எஞ்சியிருக்கையில் மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலை. பந்தை உதைத்து ஆட்டத்தைச் சமப்படுத்தியிருக்கலாம். அவர் அதனை நாடவில்லை. பாட் ஸ்ரார் பந்துடன் கோட்டைக் கடந்து விழுந்தார். 21க்கு 17 என வெற்றி கிட்டியது.

1969இல் வொஷிங்டன் அணியை அவர் பொறுப்பேற்று ஓராண்டே சென்றது. குடலிற் புற்றுநோய் கண்டிருந்தது. 1970 செப்டெம்பர் 3ஆம் திகதி, 57ஆவது வயதில் இறைபதம் எய்தினார். நியூயோர்க் புனித பத்திரிசியார் பேராலயத்தில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. குருவாகாமல் வீடு திரும்பிய அந்தப் புரூக்ளின் இளைஞரின் பெட்டியருகே கர்தினால் டெரன்ஸ் குக் நின்றார். பின்னால் பெருந்திரளான மக்களுக்கிடையே அவர் ஏசி வளர்த்த வீரர்கள் பலர் இருந்தனர்.