சிரி யுகியே: பாட்டியின் பாடல்களுக்கு எழுத்து தந்தவர்

ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில், 1903இல், ஐனு பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்தார் சிரி யுகியே. அதற்கு நான்காண்டுகள் முன்னர்தான் ஜப்பானிய அரசு ஐனு மக்களை முன்னாள் பழங்குடியினர் எனப் பெயரிட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருந்தது. வேட்டையையும் மீன்பிடியையும் பறித்தவர்களே பாதுகாவலர் ஆயினர். ஐனுக்களை உழவராக்குவதும், அவர்தம் பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளில் ஜப்பானியராக்குவதுமே அதன் நோக்கம்.

யுகியேவும் அத்தகைய பள்ளியில் பயின்றார். அசாஹிகாவாவில் பெரியம்மாவின் வீட்டிலோ, பாட்டி மொனாஷினோவுக் பாடிய யுகார் என்னும் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். அம்மொழிக்கு எழுத்து இல்லை.

1918இல் பாடல்களைத் தேடி அவ்வீட்டுக்கு வந்தார் மொழியியலாளர் கிண்டாய்ச்சி கியோசுகே. பழங்குடியினரைத் தகவல் தருவோராக மட்டுமே கண்டு பழகிய ஆய்வுலகம் அது. யுகியே தாமே எழுதலானார். ஐனு ஒலிகளை ரோமன் எழுத்தில் பதித்து, உடன் தம் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் வைத்தார். ஆந்தையும் நரியும் தவளையும் தத்தம் கதையைத் தாமே கூறும் 13 பாடல்கள் அவை.

1922 மே மாதம் டோக்கியோ சென்றார். இதய நோயுடனே கையெழுத்துப்படியைத் திருத்தி முடித்த செப்டம்பர் 18 இரவே உயிர் நீத்தார். அகவை 19. நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அச்சட்டம் நீங்கியது 1997இல். ஐனுக்கள் தொல்குடியினரே என நாடாளுமன்றம் ஏற்றது 2008இல்.