விலைபோகாத பாடல்கள்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவர் சிறுமியர் பாட எழுந்தால், அவர்தம் நாவில் முதலில் வருவது பெரும்பாலும் பாரதியார் பாடலே. அப்பாடல்கள் பிறந்த காலத்தில் அவற்றைக் காசு கொடுத்து வாங்குவோர் அருகியே இருந்தனர் என்றால் இளையோர் நம்பமாட்டார்கள்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் தோன்றிய சுப்பிரமணிய பாரதியார், தந்தையை இழந்தபின் காசியில் அத்தையார் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். (நம்மைப் போல் அவரும் சில காலம் வடநாட்டுத் தமிழரே.) 1904-இல் சுதேசமித்திரனில் பணியேற்றார், தேசியப் பாடல்கள் பெருகின. 1907-இல் மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயர், கொள்கை வேற்றுமையையும் மறந்து அப்பாடல்களில் உள்ளம் நெகிழ்ந்து, மூன்றினை 15,000 படிகள் அச்சிட்டு வழங்கச் செய்தார். அதுவும் விலையின்றி வழங்கப்பட்டதுதான்.

1908-இல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி சென்றவர் அங்கே பத்தாண்டு வாழ்ந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் அச்சேறியது. இரண்டாம் பாகம் நூலாவதைக் காண அவர் இருக்கவில்லை. எளிய சொல், எளிய சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்பதே அவர் வகுத்துக்கொண்ட நெறி. சிந்தும் கும்மியும் கண்ணியும் வயலிலும் வீதியிலும் வழங்கியவை. அவற்றையே அவர் கையாண்டார். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் பாடலாம். ஆயின், கேட்பிக்க ஒருவர் வேண்டுமன்றோ?

1918-இல் ஆங்கில எல்லைக்குள் திரும்பிச் சிறைப்பட்டு மீண்ட பின், மனைவியார் ஊராகிய கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தார். அங்கிருந்து 1920-இல் அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, நூலுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் வெளியிட எண்ணம். அதற்குப் பொருள் கடனாக வேண்டும். நான்கு லட்சம் படிகள்! பித்தர் கணக்கென்று பலர் நகைத்திருக்கக் கூடும். பணம் சேரவில்லை; திட்டம் காகிதத்தோடு நின்றது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் நீத்தபோது வயது 39 நிரம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பர்.

பின்னர் நிகழ்ந்தவை விந்தையானவை. செல்லம்மாள் 1922-இல் நூல் வெளியிடத் தொடங்கினார். 1928-இல் அரசாங்கம் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் எதிர்த்து முழங்கினார். தடுத்த பொருளின்மேல் நாட்டம் மிகுதல் இயல்பே. காங்கிரஸ் மேடைகளும் நாடக அரங்குகளும் அப்பாடல்களை ஊரூராய்ப் பரப்பின. 1947 தொடக்கத்தில் வெளிவந்த நாம் இருவர் திரைப்படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்தவை, எழுத்தறியாதார் இல்லங்களையும் எட்டின. இன்று நாம் பாடும் மெட்டுக்கள் பலவும் பிறர் அமைத்தவை. கவிஞர் பல பாடல்களுக்கு இராகமும் தாளமும் குறித்தாரேனும், அவர் பாடிய குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. என் மனத்திற்கு இதுவே பெருங்குறை.

விலைபோகாதிருந்த அப்பாடல்களின் உரிமைக்கு இப்போது போட்டி எழுந்தது, வழக்கும் மூண்டது. 1949-இல் சென்னை அரசாங்கமே உரிமையைப் பெற்று, பின்னர் நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாக்கிற்று. 1951-இல் திருச்சி வானொலி நிலையத்தில் செல்லம்மாள் தம் கணவரைப் பற்றிப் பேசினார்.