கண்ணப்பர் வைத்த அடையாளம்

புளியங்குடியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் வானளாவி நிற்பதைக் காணலாம். அடிவாரத்தே எலுமிச்சைத் தோப்புகள். அவற்றுக்கு அப்பால் மிளாவும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் உலவும் அடவி. முன்னாளில் இத்தகைய மலையடிவாரத்து ஊர்களில் தடம் பார்க்கத் தெரிந்த முதியோர் இருந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் வேட்டை ஒழிந்தது. அது ஒழிந்ததும் நன்றே. ஆயினும் அத்தொழிலின் நுட்பம் சிறிதேனும் தெரிந்தாலன்றி, திருத்தொண்டர் புராணத்தில் உள்ள ஒரு பெருநிகழ்ச்சியின் உட்பொருள் முழுதும் விளங்காது. அந்நிகழ்ச்சிக்கு உரியவர் வேட்டுவர் குலத்துதித்த கண்ணப்ப நாயனார்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனுக்கும் தத்தைக்கும் நெடுநாள் மகப்பேறு இல்லை. முருகப்பெருமானுக்குச் சேவலும் மயிலும் காணிக்கையாக்கி, குரவையாடி வழிபட்டபின் பிறந்த மகவு அவர். தந்தை கையிலெடுத்தபோது கனத்துத் தோன்றியமையால் திண்ணன் என்று பெயரிட்டனர். புலிப்பறழோடும் நாய்க்குட்டியோடும் ஆடி வளர்ந்த பிள்ளைக்கு உரிய பருவத்தில் விற்பயிற்சி தொடங்கிற்று. நாகன் மூப்படைந்து வேட்டைக்குச் செல்லும் வலி குன்றியிருந்த காலத்தில், காட்டு விலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழித்தன. குடிகள் வந்து முறையிட்டனர். நாகன் தன் உடைதோலையும் சுரிகையையும் மகனுக்கு அளித்துத் தலைமையை ஒப்புவித்தான். தேவராட்டி என்னும் முதியவள் வந்து வாழ்த்தினாள். திண்ணனாரின் கன்னிவேட்டை இவ்வாறு தொடங்கிற்று.

அவ்வேட்டையைப் பாடும் சேக்கிழார் பெருமான், ஆரவாரத்தின் நடுவே வேடர்தம் அறத்தையும் சொல்லிச் செல்கிறார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்று அடி தளர்ந்து செல்லும் பெண்மானை வருத்துவதில்லை. கொலைத்தொழிலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அக்காட்டு மக்கள் அறிந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனுடைய அவையில் அமைச்சராய் விளங்கியவர் இதனை உற்றுநோக்கி எழுதினாரென்பது வியக்கத்தக்கது.

வேடர் அறத்தில் மற்றொன்றும் உண்டு. அம்பு பட்டு ஓடிய விலங்கைக் காட்டில் கிடந்து துன்புறும்படி விட்டுவிட்டு வீடு திரும்புவது இழுக்கு. அதனைத் தேடிக் கண்டு துன்பத்தை முடிக்க வேண்டும். எய்வதினும் அரிய வேலை இதுவே.

அம்பு தைத்த மான் உடனே வீழ்வது அரிது. துள்ளி ஓடிப் புதருள் மறையும். அறியாதவன் அதன் பின்னே பாய்ந்தோடுவான். அறிந்தவன் நின்ற இடத்திலேயே நிற்பான். மான் எவ்விடத்தில் நின்றது, எப்பக்கம் திரும்பியது, கடைசியாக எந்த மரத்தருகே தெரிந்தது என்பவற்றை மனத்தில் பதித்துக்கொள்வான். உடனே துரத்தினால் அச்சத்தால் அது நெடுந்தூரம் ஓடிவிடும். துரத்தாமல் விட்டால் அண்மையிலேயே படுத்துவிடுவதும் உண்டு. ஆகையால் சிறிது பொழுது பொறுத்திருந்தே அடியெடுத்து வைப்பான். முதலில் மான் நின்ற இடத்தைப் பார்ப்பான். அறுபட்டு விழுந்த மயிரும் முதல் துளி உதிரமும் அங்கே கிடைக்கும். உதிரம் வெளிறிய செம்மையாய் நுரைத்திருந்தால் அம்பு நுரையீரலில் தைத்தது. கறுத்துத் தோன்றினால் ஈரலில் தைத்தது. பசிய கலப்பும் நாற்றமும் இருந்தால் வயிற்றில் தைத்தது. வயிற்றில் பட்ட விலங்கை மிகவும் தாமதித்தே தொடர வேண்டும். ஒரு துளியின் நிறத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புண்ணை அறிவது இக்கலை.

பின்னர்த் தடத்தின்மேல் நடவாமல் அதன் ஓரமாகவே செல்வான். தன் கால் பட்டு அடையாளம் அழிந்துவிடலாகாதன்றோ? காலை மாலைச் சாய்வெயிலில் குளம்பின் பள்ளம் நன்கு தெரியும். ஓடிய மானின் குளம்பு விரிந்து ஆழப் பதிந்திருக்கும். நொண்டிய கால் மண்ணை இழுத்துச் சென்றிருக்கும். நிலத்தில் உதிரம் இல்லையேல் புல்நுனியிலும் இலையின் புறத்திலும் பார்ப்பான். காயம்பட்ட விலங்கு நீரை நாடுவதுண்டாதலால் ஓடைக்கரையையும் பார்ப்பான்.

சில இடங்களில் உதிரம் அடியோடு நின்றுவிடும். அங்கேதான் தேர்ந்தவனையும் தேராதவனையும் பிரித்தறியலாம். தேர்ந்தவன் அக்கடைசித் துளி கிடந்த இடத்தில் ஓர் அடையாளம் வைப்பான். ஒரு கிளையை ஒடித்து நடுவான். அல்லது உடன் வந்தவனை அவ்விடத்திலேயே நிறுத்திவைப்பான். அதன்பின்பே சுற்றுமுற்றும் தேடுவான். தேடியது கிடையாதாயின் மீண்டும் அவ்வடையாளத்துக்கே வருவான். அதனை இழந்தவன் எல்லாவற்றையும் இழந்தவனாவான்.

அம்பு பட்ட மானைத் தேடும் காட்சி தமிழ்ச் செய்யுளுக்குப் புதிதன்று. மணிவாசகப் பெருமானின் திருக்கோவையாரில் கலைமான் வினாதல் என்றொரு துறை உண்டு. கணையால் புண்பட்ட கலைமான் இப்புனத்தின் பக்கம் வந்ததோ என்று தலைவன் வினவுகின்றான். அவன் தேடுவது மானையன்று என்பது வேறு செய்தி.

திண்ணனார் பின்தொடர்ந்தது மானன்று, பன்றி. வலையை அறுத்து, ஏவிய நாய்களுக்கும் விடுத்த அம்புகளுக்கும் தப்பி அது மலைச்சாரலில் ஓடிற்று. மற்ற வேடர் பின்தங்கினர். திண்ணனாரும் நாணனும் காடனும் மட்டுமே விடாது தொடர்ந்தனர். நெடுந்தூரம் ஓடி இளைத்த பன்றி ஒரு மரச்செறிவில் நின்றது. திண்ணனார் அம்பெய்யாமல் அணுகிச் சென்று சுரிகையால் அதனைக் குத்தி வீழ்த்தினார். தப்பியோடியதை இறுதிவரை தொடர்ந்து சென்று முடிக்கும் இயல்பு முதல்நாள் வேட்டையிலேயே அவரிடம் விளங்கிற்று.

பசியும் நீர்வேட்கையும் மிகுந்தன. அருகில் பொன்முகலியாறு உண்டென்று நாணன் சொன்னான். ஆற்றை அடைந்ததும் எதிரே காளத்திமலை தோன்றிற்று. அதன்மேல் குடுமித்தேவர் உறைவதையும் நாணனே சொன்னான். தீக்கடையும் வேலையைக் காடனுக்கு இட்டுவிட்டுத் திண்ணனார் நாணனோடு மலையேறினார். ஏறுந்தோறும் உடலின் பாரம் குறைவதுபோல் உணர்ந்தார். பெருமானைக் கண்டதும் தாய்ப்பசு கன்றைக் கண்டதுபோல் ஓடித் தழுவினார். துணையின்றித் தனியே இருக்கின்றாரே, பசித்திருப்பாரே என்று உருகினார்.

அடுத்து நிகழ்ந்தவை அன்பர் அனைவரும் அறிந்தவை. பன்றியிறைச்சியைக் காய்ச்சி, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லனவற்றைத் தேக்கிலைக் கல்லையில் வைத்தார். குஞ்சியில் மலரும் வாயில் நீருமாகச் சென்றார். முன்பிருந்த மலரைச் செருப்புக் காலால் நீக்கி வழிபட்டார். இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றார். பகலில் அவர் வேட்டைக்குச் சென்றபின் ஆகம நெறி வழுவாத சிவகோசரியார் வந்து, இறைச்சியைக் கண்டு மனம் பதைத்துத் தூய்மை செய்து பூசித்தார். நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் திண்ணனார் திரும்பவில்லை. இவ்வாறு ஐந்து நாட்கள் கழிந்தன. சிவகோசரியாரின் கனவில் இறைவர் தோன்றி, ஆறாம் நாளில் மறைந்திருந்து பார்க்குமாறு பணித்தார்.

ஆறாம் நாள் திண்ணனார் வேட்டை முடித்து மீளும்போது தீய நிமித்தங்கள் கண்டார். பறவைகளின் குறி உதிரத்தைக் காட்டிற்று. காட்டின் குறிப்பை அறிந்தவராதலின் பெருமானுக்கு என்னவாயிற்றோ என்று விரைந்தோடி வந்தார். குடுமித்தேவரின் வலக்கண்ணில் உதிரம் பெருகிக்கொண்டிருந்தது.

வாயிலிருந்த நீர் சிந்திற்று. கையிலிருந்த இறைச்சியும் வில்லும் விழுந்தன. தாமும் நிலத்தில் விழுந்தார். எழுந்து துடைத்தார், நிற்கவில்லை. அவர் அதன்பின் செய்தது வேடர் செய்வதே. வில்லெடுத்து அம்பு தெரிந்து, இப்புண்ணைச் செய்தவர் யாரென்று தேடப் புறப்பட்டார். பகைவராகிய வேடரோ, கொடிய விலங்கோ என்று மலைச்சாரல் எங்கும் நெடுந்தூரம் நாடினார். வேடரைக் காணவில்லை, விலங்கையும் காணவில்லை. மண்ணில் கிடக்கும் சிறு குறியையும் தவறவிடாத கண்களுக்கு அன்று ஒரு தடமும் அகப்படவில்லை. வாழ்நாளெல்லாம் பயின்ற கலை அவரை அங்கே கைவிட்டது. உதிரம் இருந்தது, அதற்கு வழி இல்லை.

தேர்ந்த வேடர் கடைசித் துளிக்கே மீள்வதுபோல் திண்ணனாரும் இறைவரிடமே மீண்டார். அம்புப் புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளை நினைத்துக் கொணர்ந்து பிழிந்தார். பயனில்லை. அப்போது, ஊனுக்கு ஊனே மருந்து என்னும் வேட்டுவர் வழக்கு நினைவுக்கு வந்தது. சிறிதும் தாழாமல் அமர்ந்து, தம் வலக்கண்ணை அம்பினால் அகழ்ந்து எடுத்து அப்பினார். உதிரம் நின்றது. தம் வேதனையை அவர் அறியவில்லை. மலை அதிரக் குதித்துக் கூத்தாடினார்.

உடனே இடக்கண்ணில் உதிரம் பெருகிற்று. இம்முறை அவருக்கு அச்சமில்லை. மருந்து கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று குறை: தம் இடக்கண்ணையும் அகழ்ந்துவிட்டால் அதனை எங்கே அப்புவது என்று காண இயலாது. குருடாகிய பின் அவ்விடத்தை எவ்வாறு அறிவது? அவர் தம் இடக்காலைத் தூக்கிப் பெருமானின் கண்ணில் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார்.

இறைவர் திருமேனியில் காலை வைத்தது அன்பின் மிகுதியால் என்று சொல்லி அமைவது வழக்கம். அது உண்மையே. ஆயினும் அச்செயலில் கலக்கம் சிறிதும் இல்லை என்பதையும் காண வேண்டும். உதிரம் கண்ட இடத்தில் குறியிட்டு, அதன்பின் அடுத்த அடி வைப்பது அவர் தொழில். ஒடித்து நடுவதற்குக் கிளை இல்லை, நிறுத்திவைப்பதற்குத் துணைவரில்லை, இருந்தது கால் ஒன்றே. பூசை முறை அறியாதவர் என்று எவரும் எண்ணலாகாது. தாம் அறிந்த முறையை அவர் எள்ளளவும் வழுவாமல் செய்தார். மறைந்திருந்த சிவகோசரியார் கண்டது அதனையே.

அம்பை இடக்கண்ணில் ஊன்றும் அளவில் காளத்தியப்பரின் திருக்கை தோன்றி அக்கையைப் பற்றிற்று. கண்ணப்ப என்று மும்முறை அழைத்து இறைவர் தடுத்தருளினார். தம் வலப்பக்கத்தில் என்றும் நிற்கும் பேற்றையும் அளித்தார். அன்றுமுதல் திண்ணனார் கண்ணப்பர் ஆயினார். சமயகுரவர்களின் பாடல்களில் அவர் போற்றப்படுகின்றார். நக்கீரரும் கல்லாடரும் பாடிய மறங்கள் இரண்டும் பதினோராந் திருமுறையில் உள்ளன. நாயன்மார் வரிசையில் வில்லும் அம்பும் கொண்டு நிற்பவரை அன்பர்கள் எளிதில் இனங்கண்டுகொள்ளலாம்.

அவருடைய குருபூசை தை மாதத்து மிருகசீரிட நாளில் நிகழ்கின்றது. மானின் தலை என்பது அம்மீனின் பெயருக்குப் பொருள். உருத்திரர் எய்த அம்பு தைத்து வானத்தில் ஓடிய மானே அது என்று வடமொழி மறைநூல் கூறும். பின்தொடரும் வேடனும் அதன் அருகே ஒளிமிக்க விண்மீனாய் இருக்கின்றான். தை மாதத்து முன்னிரவில், தோப்புகளின் மேலே வானத்தில், மானும் வேடனும் ஒருங்கே தெரிவர்.