முகம் தந்த மருத்துவர்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மை என்பர் பெரியோர். அத்தலையிலும் ஒருவரை இன்னார் என்று உலகிற்கு அறிவிப்பது முகமேயாகும். கையிழந்தவரையும் காலிழந்தவரையும் கண்டு இரங்கும் மக்கள், முகம் சிதைந்தவரைக் கண்டால் அஞ்சி விலகுவர். அங்ஙனம் விலக்கப்பட்ட ஆயிரக்கணக்கான போர்வீரர்க்கு மீண்டும் முகம் அமைத்துத் தந்தவர் சர் ஹெரால்டு கில்லீஸ் ஆவார். இக்காலப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தின் தந்தை என்று அவரை உலகம் போற்றுகின்றது. நம் முகத்தை நம்பி ஒப்படைக்கத் தக்க மருத்துவர் எத்தகையவராய் இருத்தல் வேண்டும் என்பதனை அவர் வாழ்க்கை நமக்குத் தெளிவாக உணர்த்தும்.

கில்லீஸ் 1882ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் பிறந்தார். இளம்பருவத்தில் மாடிப்படியின் கைப்பிடிமேல் சறுக்கி விளையாடியபொழுது முழங்கை முறிந்தது. அதனால் அக்கையின் அசைவு வாழ்நாள் முழுவதும் குறைவுற்றது. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். படகு வலிப்பதிலும், கோல்ப் ஆட்டத்திலும், ஓவியம் தீட்டுவதிலும் திறம் பெற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையிலும் பயின்று, 1910ஆம் ஆண்டில் அறுவை மருத்துவத்தின் உயர்ந்த தகுதியைப் பெற்றார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் அவருக்கு நல்ல பெயரும் வருவாயும் கிடைத்தன.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. பதுங்கு குழிகளிலிருந்து தலை நீட்டிய வீரர்களின் முகங்களைக் குண்டுகள் சிதைத்தன. 1915ஆம் ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரான்சு சென்ற கில்லீஸ், ஆங்கு வலாடியே என்னும் பல் மருத்துவர் உடைந்த தாடைகளைச் சீர்செய்வதைக் கண்டார். பாரிசு நகரில் மொரஸ்தின் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோயால் கெட்ட பகுதியை அகற்றிவிட்டு அண்மையிலுள்ள தோலை நகர்த்தி மூடும் விந்தையையும் கண்டார். தாம் பட்டம் பெற்ற வல்லுநர் என்னும் செருக்கு அவரிடம் எழவில்லை. கற்க வேண்டியது இன்னும் மிகுதி என்பதையே அவர் உணர்ந்தார்.

இங்கிலாந்து திரும்பிய அவர், மேலதிகாரிகளிடம் வாதாடி, 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்டர்ஷாட் படை மருத்துவமனையில் முகக் காயங்களுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். முகம் சிதைந்த வீரர்கள் வேறிடம் போய்விடாமல் தம்மிடமே வந்து சேர, தம் முகவரி பொறித்த சீட்டுகளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் போர்க்களத்திற்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சோம் ஆற்றங்கரையில் கடும்போர் தொடங்கியது. இருநூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வந்து குவிந்தனர்.

அதனால் 1917ஆம் ஆண்டில் சிட்கப் என்னும் ஊரில் பெரியதொரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வூர்ச் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசப்பட்டது. அவற்றில் அமர்வோர் முகம் சிதைந்த வீரர்கள் என்பதை ஊரார் முன்னரே அறிந்து திடுக்கிடாதிருத்தற்கே அவ்வேற்பாடு. அவ்வீரர்தம் துயரின் ஆழத்தை அந்நீல வண்ணமே கூறும்.

அம்மருத்துவமனையில் கில்லீஸ் தனித்துப் பணியாற்றவில்லை. பல் மருத்துவரும், மயக்க மருந்து கொடுப்போரும், சிற்பியரும், ஹென்றி டாங்க்ஸ் என்னும் ஓவியரும் உடனுழைத்தனர். ஒவ்வொரு நிலையும் வரைந்து காட்டப்பட்டது. நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைக்கும் முறை நம் பாரத நாட்டில் பன்னெடுங்காலமாக வழங்கியதாகும். அதனைப் பற்றிய செய்தி 1794ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. 1814ஆம் ஆண்டில் கார்ப்யூ என்பவர் ஆங்கு அதனைச் செய்துகாட்டினார். கில்லீசும் அம்முறையைக் கையாண்டார். அத்துடன் 1917ஆம் ஆண்டில், தோற்பட்டையின் ஓரங்களைச் சுருட்டிக் குழாய்போல் தைக்கும் முறையையும் கண்டார். குழாயின் அடி உடலோடு ஒட்டியிருப்பதால் குருதியோட்டம் நிற்பதில்லை. உட்புறம் மூடப்படுவதால் நச்சுக்கிருமி எளிதில் புகுவதில்லை. சிட்கப்பில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட வீரர்க்குப் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன.

வெற்றிகளிடையே தோல்வியும் நேர்ந்தது. தீயில் முகம் வெந்த இளம் விமானி ஒருவருக்கு, மார்பிலிருந்து எடுத்த பெருந்தோலை ஒரே முறையில் முகம் முழுவதும் பொருத்த முயன்றார் கில்லீஸ். அத்தோல் அழுகியது, விமானி உயிர் துறந்தார். அந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், வெற்றிகளோடு அதனையும் எழுதிவைத்தார். சிறிது சிறிதாகவே செய்திருத்தல் வேண்டும் என்று பிற மருத்துவர்க்கு உணர்த்தினார். நாளைக்குத் தள்ளத் தக்கதை இன்றே செய்து முடிக்க விரைதல் கூடாது என்பது அவர்தம் கொள்கையாயிற்று.

1930ஆம் ஆண்டில் அவர் சர் பட்டம் பெற்றார். தம் உறவினரான மக்கிண்டோ முதலிய இளைஞர்களைப் பயிற்றினார். அவர்கள் இரண்டாம் உலகப் பெரும்போரில் அருந்தொண்டு ஆற்றினர். 1946ஆம் ஆண்டில் தோன்றிய பிரிட்டானியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்திற்கு அவரே முதல் தலைவரானார். ஒரு காலத்தில் பள்ளியும் தேர்வும் இன்றி இருந்த கலை, முறையான பயிற்சியும் தகுதியும் வேண்டும் துறையாக வளர்ந்தது. 1960ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் கில்லீஸ் மறைந்தார்.

அழகு தருவோம் என்று விளம்பரம் செய்வோர் இன்று பலர் உளர். விளம்பரப் பலகையைக் கண்டு முகத்தை ஒப்படைத்தல் அறிவுடைமையன்று. இத்துறையிலேயே முறையாகப் பயின்றவரா, அத்தகுதி பதிவு பெற்றதா, தீங்கு நேரக்கூடும் என்பதையும் ஒளியாது உரைப்பவரா, வேண்டாத அறுவையை வேண்டாம் என மறுப்பவரா என்று ஆராய்ந்தே மருத்துவரைத் தேர்தல் வேண்டும். கற்பதில் பணிவு, செய்வதில் பொறுமை, பிழையில் நேர்மை ஆகிய மூன்றும் உடையவரே நல்ல மருத்துவர். அம்மூன்றிற்கும் எடுத்துக்காட்டாக விளங்கியவர் கில்லீஸ்.